படகில் ஹோல்டிங் டேங்க்: நாறாமல் பொருத்துவது எப்படி?

படகுக் கழிப்பறை நாறினால் எல்லோரும் கழிவைச் சேர்த்து வைக்கும் ஹோல்டிங் டேங்கைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஹோஸ், இல்லையென்றால் காற்றுக்குழாய். காசை மிச்சம் பிடிக்க இவை இரண்டையும் விட்டு வேறு இடம் பாருங்கள்.

அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடக் கூடாது. அதனால் அங்கே சிறு பாய்மரப் படகிலும் கழிப்பறை இருந்தால் டேங்க் பெரும்பாலும் கூடவே வரும்.

முதலில் இடம். 80 லிட்டர் டேங்க் நிரம்பினால் 80 கிலோவுக்கு மேல். தாழ்வாக, படகின் நடுப்பகுதியை ஒட்டி, பட்டை போட்டு அசையாமல் கட்ட வேண்டும். வாங்கும் முன் அதே அளவில் அட்டைப்பெட்டி செய்து உள்ளே நுழைகிறதா என்று பாருங்கள். டேப்பை மட்டும் நம்பி நான் வாங்கிய முதல் டேங்க், கதவைக்கூடத் தாண்டவில்லை! தடித்த பாலிஎத்திலீன் டேங்கே நல்லது. உலோகத்தைச் சிறுநீர் அரித்துவிடும்.

அடுத்து ஹோஸ். கழிவுக்கென்றே விற்கும் 38 மி.மீ. ஹோஸ் ஒன்று கழிப்பறையிலிருந்து டேங்குக்கு, இன்னொன்று டேங்கிலிருந்து மேல்தளத்தில், கரையில் கழிவை உறிஞ்சி எடுப்பதற்காக இருக்கும் மூடிக்கு. நடுவில் தொய்வு இருந்தால் கழிவு அங்கேயே தங்கிவிடும். முனை ஏற மறுத்தால் வெந்நீரில் நனைத்துத் தள்ளுங்கள். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப்.

காற்றுக்குழாய்தான் முக்கியம். 19 மி.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 25 மி.மீ., குட்டையாக, வளைவில்லாமல், மேல்நோக்கியே போகட்டும். டேங்குக்குள் காற்று புகாவிட்டால், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும்; அழுகிய முட்டை நாற்றம் அதுதான். குழாய் அடைத்திருக்கும்போது கரையில் கழிவை உறிஞ்சினால் டேங்கே நசுங்கலாம்.

கடலுக்குப் போகும் வழியும் வைத்தால், 3 மைலுக்குள் அந்த வால்வை மூடிப் பூட்டியோ கட்டியோ வைக்க வேண்டும்.

சரி, எல்லாம் மாட்டியாயிற்று. நல்ல தண்ணீர் நிரப்பி, இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் ஈரம் இருந்தால் கிளாம்பை இறுக்குங்கள்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. ஒவ்வொரு முறை உறிஞ்சிய பிறகும் தண்ணீர் விட்டு இன்னொரு தடவை உறிஞ்சுங்கள். கடல்நீரால் ஹோஸில் படியும் சுண்ணாம்புக்கு அவ்வப்போது வினிகர். பிளீச் வேண்டாம், நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். படகு கழுவும்போது வெளியிலிருந்து காற்றுக்குழாயிலும் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள்.

அப்புறமும் நாறினால், வெந்நீரில் பிழிந்த துணியால் ஹோஸைத் துடைத்து, ஆறியதும் துணியை மோந்து பாருங்கள். துணி நாறினால் ஹோஸை மாற்றியே ஆகவேண்டும்.