மீன்கடைக்கு ஓடும் தமிழ்ப் பலகை

ஓடும் எழுத்துப் பலகை செய்யச் சொல்லித்தரும் குறிப்புகள் நிறைய உண்டு. பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்குத்தான். கடலூர் முதுநகரில் மீன் வாங்க வருபவர் ‘வஞ்சிரம் வந்தாச்சு’ என்று தமிழிலேயே படிக்க வேண்டும். அதற்கு நான் செய்துகொடுக்கும் முறை இது.

வைஃபை தரும் இஎஸ்பி8266 சிப் உள்ள நோட்எம்சியு என்ற குட்டி போர்டு ஒன்று, எல்இடி புள்ளிகளை ஏற்றி அணைக்கும் மேக்ஸ்7219 சிப் வைத்த நாலு கட்ட டாட் மேட்ரிக்ஸ் பட்டை இரண்டு, 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்த 74எச்சிடி125 ஐசி ஒன்று. இவ்வளவுதான் சாமான்.

பட்டை ஒன்றில் 32க்கு 8 புள்ளி. ஒன்றே போதுமே என்று தோன்றும். போதாது. ‘ம்’ எழுத மேலே புள்ளிக்கு ஒரு வரிசை, இடைவெளிக்கு ஒரு வரிசை போய்விடும். ‘ழ’வின் வால் கீழே இடம் கேட்கும். மிச்சத்தில் ‘ஞ’வும் ‘ண’வும் வெறும் சிவப்புக் கொத்தாகத் தெரியும். இரண்டு பட்டையை மேலும் கீழுமாக ஒட்டி 16 வரிசை ஆக்குங்கள்.

மேல் பட்டையின் டிஅவுட்டிலிருந்து (டேட்டா வெளியேறும் பின்) கீழ்ப் பட்டையின் டிஇன்னுக்கு (டேட்டா நுழையும் பின்) ஒயர். போர்டின் டி7 பின் மேல் பட்டையின் டேட்டாவுக்கு, டி5 இரண்டு பட்டையின் க்ளாக்குக்கு, டி8 இரண்டின் சிஎஸ்ஸுக்கு (சிப்பைத் தேர்ந்தெடுக்கும் பின்). போர்டு தருவது 3.3 வோல்ட் சிக்னல். 5 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்7219 குறைந்தது 3.5 கேட்கும். அப்படியே கொடுத்தாலும் பல நேரம் ஓடும், ஆனால் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கும் பொருளில் ‘பல நேரம்’ கூடாது. மூன்று ஒயரையும் 74எச்சிடி125 வழியாக விடுங்கள். பட்டைக்கு மின்சாரம் நேராக அடாப்டரிலிருந்து போகட்டும். கெப்பாசிட்டர் பட்டையின் வாசலிலேயே இருக்கட்டும். கிரவுண்டு எல்லாவற்றுக்கும் பொது.

இனி தமிழ். யூனிகோடில் ‘கொ’வைப் பிரித்து, கொம்பை முன்னே வைத்து, காலைப் பின்னே வைக்கும் வேலையை இந்தக் குட்டி போர்டிடம் கொடுக்காதீர்கள். அது ஃபோனுக்குத் தெரிந்த வேலை. போர்டைத் தனி வைஃபையாக வையுங்கள், ரவுட்டர் தேவையில்லை. பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது. ஃபோனை அந்த வைஃபையில் இணைத்து, பிரவுசரில் 192.168.4.1 போட்டால் போர்டிலிருந்து ஒரு பக்கம் திறக்கட்டும். கடைக்காரர் தட்டச்சு செய்வதை அந்தப் பக்கம் 16 புள்ளி உயரக் கேன்வாஸில் தடித்த எழுத்தாக வரைந்து, வெளிச்சமான புள்ளியை 1 என்றும் மற்றதை 0 என்றும் மாற்றி, நெட்டுவரிசைக்கு இரண்டு பைட்டாக அனுப்பும். எவ்வளவு வெளிச்சம் இருந்தால் 1 என்பதற்கு ஒரு ஸ்லைடர் வையுங்கள். ‘ற’வின் மெல்லிய கோடு அறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நகர்த்தலாம்.

வந்த பைட்டுகளை போர்டு லிட்டில்எஃப்எஸ்ஸில் (போர்டிலேயே உள்ள ஃபைல் சேமிப்பு) சேமித்து, 40 மில்லிசெகண்டுக்கு ஒரு நெட்டுவரிசையாக நகர்த்தினால் நிதானமாகப் படிக்கலாம். கரண்ட் போய் வந்தாலும் வாசகம் தானாக ஓடும். பட்டையை ஓட்ட போர்டின் ப்ரோகிராமில் சேர்க்கும் எம்டி மேக்ஸ்72எக்ஸ்எக்ஸ் லைப்ரரியில் எழுத்து தலைகீழாகவோ கண்ணாடியில் பார்ப்பதுபோலவோ வந்தால், ஹார்டுவேர் வகையை எஃப்சி16 என்று மாற்றிப் பாருங்கள். வெளிச்சம் 0 முதல் 15 வரை. நிழலுக்கு 5 தாராளம்.

கடற்கரை ஊரில் கடைசி வேலைதான் பலகையின் ஆயுள். ஜம்பர் ஒயர் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும், எல்லாவற்றையும் சாலிடர் செய்யுங்கள். யுஎஸ்பி வாயில் டேப் ஒட்டிவிட்டு, போர்டின் மேல் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் காக்கும் மெல்லிய பூச்சு) ஸ்ப்ரே அடியுங்கள். முன்னால் சிவப்பு அக்ரிலிக், காற்றுத் துளை அடிப்பக்கம் மட்டும்.