ஊட்டியில் அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கு: குப்பையை நாறாமல், விலங்கு கிளறாமல் வைப்பது எப்படி?

உதகையில் கல்லூரிக்கு அருகே நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். இரண்டாம் வாரமே வீட்டுக்கார அம்மா காலி செய்யச் சொல்லிவிட்டார். இரவு வாசலில் கட்டி வைத்த குப்பைப் பையை ஏதோ கிழித்துவிட்டது. விடிந்து பார்த்தால் சாம்பார்க் கவரும் கோழி எலும்பும் பக்கத்து வீட்டுப் படி வரை இழுபட்டுக் கிடந்தன. கெஞ்சி ஒரு மாத அவகாசம் வாங்கினோம். அந்த ஒரு மாதத்தில் பழகிக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் மூன்று வாளிகள் வையுங்கள். மக்குவது ஒன்றில், மக்காதது ஒன்றில். பிளேடு, உடைந்த கண்ணாடி, பேட்டரி, காலாவதியான மாத்திரை ஆகியவை மூன்றாவதில். தரம் பிரித்துக் கொடுப்பது வீட்டில் இருப்பவர்களின் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. நாம் பிரிக்காவிட்டால் தூய்மைப் பணியாளர் அக்காதான் நம் எச்சிலில் கைவிட்டுப் பிரிக்க வேண்டும்.

அடுத்தது வடிகட்டுவது. நாங்கள் தோற்றது இங்கேதான். மாணவர் வீட்டில் காய்கறித் தோல் குறைவு, பார்சல் சாப்பாட்டின் மிச்சமே அதிகம். பாதி குடித்த ரசம், சட்னி, மோர் எல்லாம் கவரோடு வாளிக்குள் போகின்றன. அந்த ஈரம் அடியில் தேங்கிக் காற்றை அடைத்துவிடுகிறது. காற்றில்லாமல் அழுகுவதால்தான் அந்தப் புளித்த வாடை. மூடியை மாற்றினோம், எலுமிச்சைத் தோல் போட்டோம், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பழைய அரிசி வடிதட்டு ஒன்றைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் வைத்தோம். சாப்பிட்டவர் தன் மிச்சத்தை அதில் கொட்டி, நீர் இறங்கிய பிறகு கெட்டியானதை மட்டும் வாளியில் போட வேண்டும். வாளியின் அடியில் நாளிதழை நான்காக மடித்துப் போட்டோம். மூன்றே நாளில் வாடை நின்றது. வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

பின்கட்டு இருந்தால் மக்கும் குப்பையில் உரமும் தயாரிக்கலாம். இதற்கென விற்கும் விலையுயர்ந்த தொட்டிகள் வேண்டாம். மண்பானையும் இந்த ஊர் ஈரத்துக்குச் சரிப்படவில்லை. இருபது லிட்டர் பெயின்ட் வாளி போதும். பக்கவாட்டிலும் அடியிலும் துளை போடுங்கள். ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த பொருள் சேர்க்க வேண்டும். கிழித்த அட்டைப்பெட்டி, முட்டை அட்டை, மரத்தூள் எதுவும் ஆகும். தைலமர இலை சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள், எளிதில் மக்காது. தேயிலைச் சக்கையைத் தாராளமாகப் போடலாம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் ஈரம் போதும். சோறு, எண்ணெய், இறைச்சி மூன்றும் இதில் கூடாது. சமவெளிக்காரர்கள் சொல்லும் இரண்டு மாதக் கணக்கை நம்ப வேண்டாம். உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். உறைபனிக் காலத்தில் வாளியைச் சாக்கால் சுற்றி, வெயில் படும் சுவரோரம் வையுங்கள்.

குப்பையை வெளியே வைக்கும் நேரம் முக்கியம். இரவில் வைக்கவே கூடாது. காட்டுமாடும் காட்டுப்பன்றியும் தெருவுக்குள் வரும் ஊர் இது. குப்பைக்கு நாய் கூடினால், நாயைத் தேடிச் சிறுத்தையும் வரும். வண்டி வரும் நேரத்தைத் தூய்மைப் பணியாளரிடமே கேட்டு, முறை வைத்து ஒருவர் நின்று கையில் கொடுங்கள். எரிப்பது அதைவிட மோசம். பனிக்காலைகளில் புகை மேலே போகாமல் பள்ளத்திலேயே தங்கிவிடும்.

மக்காத குப்பையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பால் கவரைக் கழுவிக் கம்பியில் மாட்டிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். மாநிலம் முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் வந்த பிளாஸ்டிக் தடைக்குப் பல ஆண்டுகள் முன்பே நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துவிட்டது. ஊரிலிருந்து அம்மா பலகாரம் கொடுத்தனுப்பினால் தூக்குவாளியில் கேளுங்கள்.

பின்சேர்க்கை: கோத்தகிரியில் தங்கிப் படிக்கும் ஒரு தங்கை, உர வாளியைக் கரடி உருட்டிவிட்டதாக எழுதியிருக்கிறார். நான் இதை யோசிக்கவில்லை. கரடி நடமாட்டம் உள்ள பகுதியில் வெளியே உர வாளி வேண்டாம். எண்ணெய் டின்னையும் பழத்தோலையும் கதவுக்கு உள்ளேயே வைத்திருந்து காலையில் கொடுத்துவிடுங்கள். நாப்கினை என்ன செய்வது என்றும் அவர் கேட்டிருந்தார். நாளிதழில் சுற்றி, எடுப்பவருக்குத் தெரியும்படி சிவப்பு மையில் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள்.

இன்னொருவர் காலி செய்யும்போது மிஞ்சும் மெத்தையைப் பற்றிக் கேட்டார். நாங்கள் விசாரித்த பழைய சாமான் கடைகளில் யாரும் எடுக்கவில்லை. மெத்தை, பக்கெட், நோட்டுக் குறிப்புகள் மூன்றுக்கும் தேர்வு தொடங்கும் முன்பே ஜூனியர்களிடம் பேசிவையுங்கள். கடைசி நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளுவதால்தான் தெருமுனை குப்பைமேடாகிறது.