ரெண்டு வருஷ எலக்ட்ரானிக்ஸ் படிப்பு: சேரும் முன் ஒரு கணக்கு

பத்தாவது முடித்த பிள்ளையை எலக்ட்ரானிக் மெக்கானிக் படிப்பில் சேர்க்க நினைக்கும் தஞ்சை, திருவாரூர் பெற்றோர் முதலில் அரசு ஐடிஐயை (தொழிற்பயிற்சி நிலையம்) பாருங்கள். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. தனியார் என்றால் கட்டணத்தோடு, ரெண்டு வருஷம் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளத்தையும் செலவில் எழுதுங்கள். லேபுக்குள் போய்ப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மின் அலையைத் திரையில் காட்டும் கருவியான ஆஸிலோஸ்கோப்பில் தூசி படிந்திருந்தால் யோசிக்கவும்!

செல்போன் ரிப்பேர் மட்டும்தான் குறி என்றால் குறுகிய காலப் பயிற்சியே போதும். ஐடிஐ சான்றிதழ் இருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டு சேரலாம். திருச்சி பெல் (BHEL) ஆலை போன்ற இடங்களில் அப்ரண்டிஸுக்கும் (தொழில் பழகுநர்) முயலலாம். பம்ப்செட் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் போர்டு இரண்டும் கைவந்தால் குறுவை நேரத்தில் ஊரிலேயே வேலை தேடி வரும்.