பழைய காரில் ஆக்சில் வேலையையும் சஸ்பென்ஷன் வேலையையும் ஒன்றாகச் செய்யலாமா?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஸ்விஃப்ட், வேகன் ஆர், சான்ட்ரோ போன்ற முன்சக்கர இயக்கக் காரை ஆக்சில் (கியர் பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) சத்தத்துக்காகப் பட்டறையில் விட்டால், "எப்படியும் கழற்றத்தான் போறோம், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் எல்லாத்தையும் சேர்த்தே மாத்திடலாம் சார்" என்ற யோசனை அநேகமாக வந்துவிடும். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கைதான் லோயர் ஆர்ம்; அதுவும் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் சஸ்பென்ஷன் பாகங்கள். அந்த யோசனையில் எவ்வளவு நமக்கு லாபம் என்பது, எந்தப் பாகத்துக்காக எந்த போல்ட் கழல்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் பழுது எது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். காலி இடத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது 'டக் டக்' என்று சீராகச் சத்தம் வந்தால், பெரும்பாலும் ஆக்சிலின் வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட் (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) தேய்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் அதிர்வு வந்து, காலை எடுத்ததும் அடங்கினால் உள்பக்க ஜாயிண்டைச் சந்தேகிக்கலாம். வேகத்தடையில் 'கடக்' என்று கேட்பது வேறு கதை. அது லிங்க் ராட் (கார் சாய்வதைத் தடுக்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு), லோயர் ஆர்ம் புஷ் (அதன் இணைப்பிலுள்ள ரப்பர் உருளை), ஸ்ட்ரட் மவுண்ட் (முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனைத் தாங்கி) ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். காரை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மின் வெளிமுனையிலுள்ள உருண்டை மூட்டு) ஆகியவற்றின் ஆட்டமும், இடமும் வலமும் பிடித்து அசைத்தால் டை ராட் எண்டின் (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் முனை மூட்டு) ஆட்டமும் கைக்குத் தெரியும். ரிம்மின் உட்புறத்தில் கறுப்பு கிரீஸ் வட்டமாகச் சிதறியிருந்தால் சி.வி. ஜாயிண்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்துவிட்டது என்று பொருள். பூட் கிழிந்தும் சத்தம் இன்னும் வரவில்லையென்றால் ஜாயிண்டைக் கழுவி, புது கிரீஸும் புது பூட்டும் போட்டாலே பெரும்பாலும் போதும்; ஆனால் மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்விட்டால் அந்த வாய்ப்பு வெகு நாள் நிற்காது.

இனி வேலையைப் பார்ப்போம். ஆக்சிலை வெளியே எடுக்கச் சக்கரத்தையும், ஆக்சில் முனையை இறுக்கும் ஹப் நட்டையும் கழற்றி, பால் ஜாயிண்டை நக்கிளிலிருந்து (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிரித்து, நக்கிளை வெளிப்பக்கம் ஒதுக்கி, கியர் பாக்ஸிலிருந்து ஷாஃப்டை உருவுவார்கள். அப்போது கியர் ஆயிலும் இறங்கும். அந்த நிலையில் லோயர் ஆர்மைக் கழற்ற, வண்டியின் அடிச்சட்டத்தோடு அதைப் பிணைக்கும் ஓரிரு போல்ட்டுகளே மிச்சம். ஆகவே பால் ஜாயிண்டிலோ புஷ்ஷிலோ தேய்மானம் தெரிந்தால், லோயர் ஆர்மை ஆக்சிலோடு சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். தனிக் கூலி கேட்டால் தாராளமாகப் பேரம் பேசலாம். கியர் ஆயில் கசியாமல் தடுக்கும் ஆக்சில் சீல் விலை குறைந்த பாகம் என்பதால் அதையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். வீல் பேரிங் இரைந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும், ஏனென்றால் அதற்கும் ஹப் நட் கழன்றாக வேண்டும். பல கார்களில் நக்கிளைக் கழற்றிப் பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரத்தில் வைத்துத்தான் பேரிங்கை மாற்ற முடியும்.

முன் ஷாக் அப்சார்பர் பாதிக் கணக்கு. நக்கிளோடு அதைப் பிணைக்கும் இரண்டு போல்ட்டுகள் பக்கத்திலேயே இருந்தாலும், ஸ்பிரிங்கை அழுத்திப் பிரித்து மாட்டுவது தனி வேலை. ஷாக் அப்சார்பரை இடமும் வலமும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஆக்சிலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தால் சேர்த்துச் செய்யுங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம். நக்கிளோடு அதைப் பிணைக்கும் அந்த போல்ட்டுகளைத் தளர்த்தினாலும், டை ராட் எண்டை மாற்றினாலும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணச் சரிபார்ப்பு) பார்த்தாக வேண்டும் என்பதால், இரண்டு தவணையாகச் செய்தால் அந்தச் செலவும் இரண்டு முறை வரும். கடலோர ஊர்களில் துருப்பிடித்த போல்ட்டுகள் கழற்றும்போதே முறிவதுண்டு. அங்கே ஒரே முறையில் முடிப்பதற்கு இது கூடுதல் காரணம். பின்பக்க ஷாக் அப்சார்பருக்கும் முன் ஆக்சிலுக்கும் ஒரு போல்ட்கூடப் பொது இல்லை, அதைச் சேர்ப்பதால் மிச்சமும் இல்லை.

சேர்க்கக் கூடாத சமயமும் உண்டு. அதிர்வின் காரணம் உறுதியாகாதபோது எல்லாவற்றையும் மாற்றினால், எது தீர்த்தது என்றும் தெரியாது, தீராவிட்டால் அடுத்து எதைப் பார்ப்பது என்றும் தெரியாது. கையில் பணம் குறைவென்றால் பாதுகாப்பு வரிசைப்படி செல்லுங்கள்: பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும், டை ராட் எண்ட் கழன்றால் ஸ்டீயரிங் கைக்குள் நிற்காது, இவ்விரண்டையும் தள்ளிப்போடக் கூடாது. சி.வி. ஜாயிண்ட் உடைந்தால் பெரும்பாலும் கார் நகராமல் நின்றுவிடும். அதுவும் தொல்லைதான் என்றாலும், அடுத்த இடம் அதற்கு. 15 ஆண்டுப் பதிவு முடியப்போகும் காரைப் புதுப்பித்து இன்னும் 5 ஆண்டு ஓட்டப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா என்பதையும் முடிவு செய்துவிட்டுச் செலவில் இறங்குங்கள்.

வேலையைக் கொடுக்கும்போது பாக விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பாகங்கள் கைக்கு வந்த பிறகே வண்டியைக் கழற்ற விடுங்கள். மலிவான புது ஆக்சிலைவிட, காரோடு வந்த, நல்ல நிலையிலுள்ள கம்பெனி ஆக்சிலுக்குப் பூட் மாற்றுவதே மேல் என்பது என் கருத்து. ஹப் நட், அடித்து மடக்கிப் பூட்டும் வகையானால் புதியது போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க வேண்டும். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளின் கடைசி இறுக்கம், சக்கரங்கள் தரையில் நின்று காரின் பாரம் ஏறிய பிறகே நடக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கியர் ஆயில் அளவைச் சரிபார்த்து, அலைன்மென்ட் முடிந்ததும் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு, முன்பு சத்தம் வந்த அதே திருப்பத்திலும் அதே வேகத்தடையிலும் ஓட்டிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.