வசந்த நடையும் நூலகத்து மேசையும்: டர்பனில் முதல்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

தமிழில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். டர்பனில் அது குளிர் தொடங்கப்போகும் காலம். இங்கே வசந்தம் செப்டம்பரில், புரட்டாசியை ஒட்டித்தான் வருகிறது. அந்த நாட்களில் ஒரு நூலகத்தையும் பக்கத்துக் காட்டுப் பாதையையும் சேர்த்து ஒரு நடை வைக்கலாம். கண்ணில் படுகிற ஒவ்வொரு மரத்துக்கும் பறவைக்கும் தமிழிலும் சூலுவிலும் ஆங்கிலத்திலும் பெயர் சேர்ப்பதுதான் வேலை. தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் ஆயா, தாத்தாக்களின் வாயில்தான் இருக்கின்றன. அவர்கள் நடக்க முடிகிறபோதே கேட்டு எழுதிவிட வேண்டும் என்பதால்தான் நான் இதை ஒவ்வொரு வருஷமும் விடாமல் செய்கிறேன்.

1. நாள் குறியுங்கள்

செப்டம்பர் 1 முதல் 7 வரை தென்னாப்பிரிக்காவில் மர வாரம். நூலகரிடம் போய்ப் பேச அது நல்ல சமயம். புரட்டாசிச் சனிக்கிழமைகளைத் தொடாதீர்கள், வீட்டில் பூஜை இருக்கும். ஞாயிறு காலை 7 மணி சரியாக வரும். விரத மாதம் என்பதால் புளிச்சோறு கட்டிக்கொண்டால் எல்லாரும் சாப்பிடலாம். இன்னொன்று: தெற்கு அரைக்கோள நாடுகள் சேர்ந்து நடத்தும், கண்ணில் படும் உயிரினங்களைப் படமெடுத்துப் பதிவுசெய்யும் ‘கிரேட் சதர்ன் பயோபிளிட்ஸ்’ 2020-இல் தொடங்கி வசந்தந்தோறும் சில நாட்கள் நடக்கிறது. அந்தத் தேதியோடு பொருந்தினால் நீங்கள் எடுக்கும் படங்களும் அந்தக் கணக்கில் சேரும்.

2. நூலகத்துக்கு முன்கூட்டியே போங்கள்

இரண்டு வாரம் முன்பாவது போங்கள். பல்கலைக்கழக நூலகம் என்றால் வெளியாட்களை உள்ளே விடுவார்களா என்று முதலில் போனில் கேளுங்கள். நகராட்சி நூலகத்தில் அந்தச் சிக்கல் இல்லை. டூயி எண்படி (புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண் முறை) அடுக்கியிருக்கும் நூலகத்தில் மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும்: மரங்களுக்கு 582.16, பறவைகளுக்கு 598, வண்ணத்துப்பூச்சிகளுக்கு 595.78. அலமாரி முன்னால் உட்கார்ந்து, நம் மாகாணமான குவாசூலு-நட்டாலுக்கு உரிய கையேடுகளை மட்டும் பொறுக்குங்கள். ஐரோப்பாவுக்கோ இந்தியாவுக்கோ எழுதிய புத்தகம் இங்கே குழப்பத்தான் செய்யும். சூலுப் பெயர்களும் தருகிற கையேடு கிடைத்தால் அதை முதலில் எடுங்கள்.

அப்புறம் இரண்டு விஷயம் கேளுங்கள்: அந்தப் புத்தகங்களை வைக்க வாசல் பக்கம் ஒரு மேசை, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் அளவு இடம். முதல் வருஷம் நான் யாரிடமும் கேட்காமல் ஒரு நூலகத்தில் தாளை ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாளே எடுத்துவிட்டார்கள், நடைக்கு நாலு பேர்தான் வந்தார்கள். தாளில் தேதி, கூடும் இடம், எத்தனை மணி நேரம், குழந்தைகள் வரலாமா என்பது இருக்கட்டும். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய, அதனால் கீழே ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

3. பாதையை நீங்கள் முதலில் நடந்து பாருங்கள்

வெஸ்ட்வில் பக்கம் இருப்பவர்களுக்கு பால்மியட் இயற்கைக் காப்பகம் இருக்கிறது. முழங்கால் வலிக்கிறவர்கள் அதிகம் என்றால் டர்பன் தாவரவியல் பூங்காவே நல்லது. 1849-இல் தொடங்கியது, சமதளமான பாதை. அங்கே ‘வுட்ஸ் சைகட்’ என்ற ஈந்துபனை வகை நிற்கிறது. 1895-இல் ங்கோயெ காட்டில் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் கண்டது. ஆண் மரம் மட்டுமே கிடைத்தது, பெண் மரத்தை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. குழந்தைகளை அதன் முன்னால் நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

காட்டுப் பாதை என்றால் முழுக்கால் சட்டை அவசியம். வெயில் ஏற ஏற உண்ணி அதிகமாகும், வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். குரங்குக்குச் சோறு காட்டக்கூடாது.

4. நடக்கும்போது மூன்று பெயர் அட்டை

ஆளுக்கு நாலைந்து வெற்று அட்டையும் ஒரு பென்சிலும் கொடுங்கள். படம் எடுத்துப் போட்டால் அது எந்தச் செடி, எந்தப் பறவை என்று கண்டறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி இலவசம். இலை, பூ, பட்டை, முழு மரம் என்று நாலு படம் எடுத்தால் பெயர் சரியாக வரும். பூ மட்டும் எடுத்தால் அடிக்கடி தப்பாகும்.

ஒருமுறை பாதை தொடங்கும் இடத்திலேயே வெளிர் ஊதாப் பூங்கொத்தோடு ஒரு மரம். கூட வந்த ஆயா இலையைத் தடவிப் பார்த்து, “அம்மை போட்டா தலைமாட்டுல இதைத்தான் வைப்போம், வேப்பிலைக்கு எங்க போறது” என்றார். பேரன் செயலியில் பார்த்தான்: சிரிங்கா. சூலு பேசும் மாணவி ஒருத்தி “உம்சிலிங்கா” என்றாள். தமிழில் மலைவேம்பு. ஆசியாவிலிருந்து வந்து இங்கே பரவி, உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிற மரம் அது, காயும் விஷம். ஆயா சொன்னதையும் இதையும் ஒரே அட்டையில் எழுதினோம். இரண்டும் உண்மை, ஒன்றுக்காக மற்றதை மறைக்கத் தேவையில்லை.

இலை வருமுன்னே சிவப்பாகப் பூத்து நிற்கும் உம்சின்சி மரத்தையும் கட்டாயம் காட்டுங்கள். நம் கல்யாண முருங்கையின் உறவு அது. அடைக்கு ஆகுமா என்று யாராவது கேட்பார்கள். ஆகாது, இது வேறு இனம், விதையில் நஞ்சு உண்டு. தானாக முளைத்த உம்சின்சி என்று சூலுவில் சொன்னால் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று பொருள். இதைக் கேட்ட தாத்தா ஒருவர் அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று சுரம் இறங்கிக் கூப்பிடும் குயில் ஒன்று கேட்டால் எல்லாரும் நிற்கட்டும். சூலுவில் உபெசுகோம்கோனோ. அது கூவினால் உழவு தொடங்கும் நேரம் என்பார்கள்.

5. அட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள்

படங்களை அன்று இரவே ஏற்றிவிடுங்கள், தள்ளிப்போட்டால் எந்த இலை எந்த மரம் என்று மறந்துபோகும். அழிவில் இருக்கும் இனங்களின் இடத்தைச் செயலியே மறைத்துக் காட்டும். ஆனால் ஈந்துபனையைத் திருடுகிறவர்கள் இருப்பதால் வாட்ஸ்அப் குழுவில் நீங்களும் இடத்தைச் சொல்லாதீர்கள். அட்டைகளில் எழுத்துப்பிழை பார்த்து, சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சேர்த்து, ஒரு கோப்பில் போட்டு நூலகரிடம் கொடுங்கள். 582.16 அலமாரிப் பக்கத்தில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.