வேலுக்குத் திருநீறு பூசிய ஈரக்காற்று

தைப்பூசத்துக்கு நண்பர்களுக்காக 30 மஞ்சள் டீசர்ட் அச்சடித்துத் தருவதாக ஒத்துக்கொண்டேன். சிங்கப்பூர் ஈசூனில் உள்ள வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் ஓர் அறைதான் பட்டறை. படத்தை முதலில் ஃபிலிமில் அச்சிட்டு, ஒட்டுப்பொடி தூவி, பிறகு சூட்டில் அழுத்தித் துணிக்கு மாற்றும் டிடிஎஃப் (DTF) முறை. ஃபிலிமில் மை விழுந்தது அழகாகத்தான். ஒட்டுப்பொடி தூவியதும் கோளாறு: மை இல்லாத இடத்திலும் பொடி ஒட்டிக்கொண்டு, வேல் படத்தைச் சுற்றித் திருநீறு பூசியதுபோல் ஆனது. உதறினாலும் போகவில்லை.

முதலில் வெள்ளை மையைச் சந்தேகப்பட்டேன். அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு அடியில் தங்கிவிடும். குலுக்கிப் பார்த்தேன், பலனில்லை. அப்புறம்தான் ஈரப்பதமானியைப் பார்த்தேன்: 84%! வாரமெல்லாம் மழை, ஃபிலிம் சுருளோ ஜன்னலோரம். மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சினால் பொடி எங்கும் ஒட்டத்தானே செய்யும்.

ஏர்கானை 'டிரை' முறையில் ஓடவிட்டு 55%க்கு இறக்கினேன். புதுச் சுருளைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்தேன். கட்டிதட்டிய பொடி குப்பைக்கு (விலையை நினைத்தால் வயிறு எரிகிறது).

இப்போது ஃபிலிமின் பின்புறம் சுண்டினாலே பொடி உதிர்கிறது. துணியையும் சூட்டு அழுத்தியில் 5 விநாடி வெறுமனே அழுத்தி ஈரம் போக்கிவிட்டு, ஃபிலிமை வைத்து, 155 டிகிரியில் 15 விநாடி அழுத்துகிறேன். என் ஃபிலிம் ஆறியபின் உரிக்கும் வகை. அவசரப்பட்டால் வேலின் நுனி கையோடு வந்துவிடும்.