மின்கலம் மாற்றியதும் சுழியத்துக்குத் திரும்பிய எண்ணி: என் அனுபவம்

2 கிலோபைட் ரேம் கொண்ட ஓர் உணரியில், அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், சிறு கருவிகளுக்காக 2023-இல் தேர்ந்தெடுத்த ஆஸ்கான் குறியாக்கத்தைப் பொருத்தியிருந்தேன். கணக்கிடும்போது அது நினைவில் வைத்திருக்க வேண்டிய உள்நிலை 320 பிட்தான் என்பதால் நினைவகம் போதுமானதாக இருந்தது. ஆனால் மின்கலம் மாற்றும்போதெல்லாம் செய்தி எண்ணி சுழியத்திலிருந்து தொடங்கியது. அந்த எண்ணியையே நான்ஸாக (ஒரு சாவியுடன் ஒருமுறை மட்டுமே பயன்பட வேண்டிய எண்) வைத்திருந்ததால், ஒரே சாவியுடன் பழைய நான்ஸ் மீண்டும் பயன்பட்டது. வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகவே இயங்கியதுதான் வேடிக்கை. உண்மையில், இரு செய்திகளின் முதல் தொகுதிகளுக்கிடையேயான வேறுபாடு ஒட்டுக்கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு செய்திக்கும் எண்ணியை, மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதினால் அது தேய்ந்துவிடும் என்பதால், 1000 எண்களை முன்கூட்டியே ஒதுக்கி, அந்த மேல்வரம்பை மட்டும் எழுதிவைத்து, கருவி மறுபடி இயங்கும்போது அவ்வரம்பிலிருந்து அடுத்த ஒதுக்கீட்டைத் தொடங்குமாறு மாற்றினேன். இடையில் சில நூறு எண்கள் வீணாகலாம். 128 பிட் நான்ஸில் அது பொருட்டே அன்று. பழைய சாவியையும் அன்றே மாற்றினேன்.